தலைகீழ் மாறன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தகக் கட்டுகள் வந்து சேர்ந்தன. வேன் டிரைவர் நான்கு கட்டுகளைக் கூடத்தில் இறக்கிவிட்டு, காபி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். ஜெயப்ரியாவுக்குக் கத்தரிக்கோலைத் தேடக்கூடப் பொறுமை இல்லை. கயிற்றைப் பல்லால் கடித்தாள்.

"பல்லு போயிடப் போவுதுடி, பேராசிரியரே" என்றாள் அம்மா கற்பகம்.

வியாழக்கிழமை சென்னையிலிருந்து வந்தது முதல் இந்த வீட்டில் எல்லோரும் அவளிடம் ஒரு படி கூடுதலான பிரியத்தோடுதான் நடந்துகொண்டார்கள். அப்பா ஜெகநாதன் அவளுடைய புத்தக வெளியீட்டுக்குத் தானே மண்டபம் பிடித்து, தானே நோட்டீஸ் அடித்து, ஆரணி முழுக்கத் தானே அலைந்து அழைத்துவிட்டு வந்திருந்தார். அந்த மேடையிலேயே பழைய இயக்கக்காரர் என்ற முறையில் அவருக்கும் பாராட்டு. தர்மாவரத்து மாமா வருகிறார் என்பதை மட்டும் ஏனோ நேற்று வரை அவளிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஜெயப்ரியாவும் ஒன்றைச் சொல்லாமல்தான் வைத்திருந்தாள். இன்றைய விழாவுக்கு அவள் ராஜம்மாளை அழைத்திருந்தாள். அப்பாவுக்கு அது ஒரு சந்தோஷ அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

புத்தகம் கனமாக, மணமாக இருந்தது. 'தலைமறைவில் யார் சமைத்தார்கள்?' என்று அட்டையில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இருபது வருடமாக அவள் கேட்டுவந்தது இந்தக் கேள்வியைத்தான். உலகத்தைப் புரட்டிப்போடப் புறப்பட்டவர்கள் காலையில் எழுந்து என்ன செய்தார்கள்? யார் தண்ணீர் சேந்தினார்கள்? ஜுரம் வந்தவனுக்கு யார் கஞ்சி வைத்தார்கள்? மற்ற வரலாற்று ஆசிரியர்கள் துண்டறிக்கைகளையும் தீர்மானங்களையும் புரட்டிக்கொண்டிருந்தபோது, இவள் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கூலி வேலைக்குப் போகிற பெண்களின் வாசலில் போய் உட்கார்ந்தாள். 'சட்டிப்பானை சரித்திரம்' என்று துறையில் கேலி செய்தார்கள். ஆங்கிலப் புத்தகம் வந்து பரிசும் வாங்கிய பிறகுதான் கேலி நின்றது. இது அதன் தமிழ் வடிவம்.

அந்தப் புத்தகத்தின் உயிர் ஏழாம் அத்தியாயம். அது முழுக்க ராஜம்மாள். வெம்பாக்கம் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் ஒளிந்திருந்த ஐந்து பேருக்குப் பதினேழு வயதில் சோறு பொங்கிப் போட்டவள். அவர்களில் ஒருவரான தோழர் மாறனை அங்கேயே மாலை மாற்றிக் கட்டிக்கொண்டவள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாறன் செத்தபோது வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள்.

மாலையில் வாசிக்க வேண்டிய பகுதியில் அடையாளம் வைக்கலாம் என்று ஜெயப்ரியா பக்கங்களைப் புரட்டினாள். ஆறாம் அத்தியாயம் முடிந்தது. ஏழாம் அத்தியாயம் சிறைச்சாலையைப் பற்றி ஆரம்பித்தது.

அவள் எழுதியதில் சிறைச்சாலை எட்டாவது.

முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். இன்னொரு பிரதியை எடுத்தாள். அதிலும் இல்லை. நன்றியுரையில்கூட ராஜம்மாளின் பெயர் இல்லை.

அவள் இரண்டாவது தடவை அடித்தபோதுதான் பதிப்பாளர் சதீஷ் போனை எடுத்தார்.

"மேடம், நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"நானா?"

"அப்பா நேர்ல வந்தாரே. அந்த அம்மாவே வேணாம்னு சொல்லிட்டாங்க, நீங்க வேலையில இருக்கீங்க, அதனால அவரை அனுப்பினீங்கன்னு சொன்னாரு."

"எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்கத் தோணலையா சதீஷ்?"

"அவரு உங்க அப்பா ஆச்சே மேடம்" என்றார்.

*

ஜெகநாதன் வாசல் அறையில் இருந்தார். முள்ளிப்பட்டுத் தறிகளிலிருந்து வந்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிலும் கண்ணாடி இல்லாமலே பட்டில் பிசகு கண்டுபிடிக்கிறவர்.

"ஏழாவது அத்தியாயம் எங்கப்பா?"

அவர் கை நிற்கவில்லை. "உக்காரு."

"நிக்கிறேன். சொல்லுங்க."

"நான்தான் எடுக்கச் சொன்னேன். இங்கிலீஷ்ல இருந்துட்டுப் போவட்டும். அத்த எவன் படிக்கப் போறான் இங்க? தமிழ்ல வந்தா தெருவுல இருக்கிறவன்லாம் படிப்பான். அந்தம்மாவுக்குப் புள்ள இருக்குது, பேத்தி காலேஜ் போவுது. அடுப்பு ஊதினது, தோழருங்க துணிய தொவச்சது, யாரு எப்படி சாப்ட்டான்றது, அதெல்லாம் நாலு பேரு பேசிகினு திரியணுமா?"

"அவங்கதான் பேசணும்னாங்க. 'என் பேரையே போடு பாப்பா, மறைக்காத'ன்னு சொன்னது அவங்க."

"அவங்களுக்கு இன்னா தெரியும்?"

ஜெயப்ரியா அவரையே பார்த்தாள். பாடுபடுகிறவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளை வளர்த்த மனிதர். பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னபோது, 'என் அப்பா ஏழைகளுக்காகச் சிறைக்குப் போனவர்' என்று அவள் எழுதிய முதல் வரியை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அவரே படித்துக் காட்டியிருக்கிறார்.

"இந்த வார்த்தைய நீங்க சொல்றீங்களாப்பா?"

"பேஜார் பண்ணாத ஜெயா. விழா முடியட்டும், பேசிக்கலாம்."

"விழாவுக்கு ராஜம்மாக்கா வராங்க. மகனோட. நான் கூப்பிட்டிருக்கேன்."

சேலை அவர் மடியில் அப்படியே சரிந்தது.

"யாரக் கேட்டுக் கூப்ட்ட?"

"என் புத்தகத்துக்கு யாரைக் கேட்கணும்?"

அவர் எழுந்து உள்ளே போனார். சமையலறையில் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பதும், அம்மா, "வேலூர் தாண்டியாச்சாம், இப்ப எப்படித் திரும்பிப் போவச் சொல்றது?" என்பதும் ஜெயப்ரியாவின் காதில் விழுந்தன. யாரைப் பற்றி என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் ராஜம்மாளுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொல்லி, வர வேண்டாம் என்று தடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். போனை எடுத்த குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"மதியமே பஸ் ஏறிடுவோம் பாப்பா. பேத்தி இனியாவுக்குப் பரீச்சை, அதான் வரல. 'ஆயா, உன் கதை எந்தப் பக்கத்துல வருதுன்னு பாத்துகினு வா'ன்னு சொல்லிகினே இருக்குது."

"வாங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெயப்ரியா போனை வைத்தாள்.

*

கமலக்கண்ணன் மாமா பன்னிரண்டு மணி வாக்கில் வந்தார். அம்மாவின் அண்ணன். ஒல்லியான, உயரமான மனிதர். தர்மாவரத்தில் பட்டு வியாபாரம். அங்கேயே பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். கல்யாணம், சாவு என்றால் வருவார், வந்த அன்றே திரும்பிவிடுவார். பிள்ளை இல்லை. அத்தை போன வருடம் இறந்ததிலிருந்து ஆரணிக்கே வந்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"படிப்பு எப்படிப் போவுது கண்ணு?" என்றார் ஜெயப்ரியாவிடம். அவள் பேராசிரியராகிப் பத்து வருடமாகியும் மாமாவுக்கு இந்த ஒரு கேள்விதான்.

"போயிட்டிருக்கு மாமா."

மூன்று பேருக்கும் கூடத்தில் இலை போட்டாள் அம்மா. அப்பா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலரை மணி விழாவுக்குள் மாமாவை ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறு எதுவும் இல்லை என்பது ஜெயப்ரியாவுக்கு அப்போது தெரியாது. தன் ஏழாம் அத்தியாயத்தை நினைத்து அவளும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அப்பாவின் இலைக்கு முருங்கைக்காய்க் குழம்பு வந்தது. அவள் இலைக்கும் வந்தது. மாமாவின் இலைக்கு வந்தபோது அம்மா குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் மோரை எடுத்துக்கொண்டு வந்தாள். சோறு முழுக மோரை ஊற்றினாள். பக்கத்தில் நார்த்தங்காய் வைத்தாள்.

"வயிறு சரியில்லையா மாமா?"

"நல்லாத்தான் இருக்குதும்மா." அவர் நிதானமாக மோர்ச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். "கற்பகம், இப்ப ரசம் ஊத்து. கொழம்பு கடைசியில."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "சின்ன வயசுல எங்கம்மா எங்க எல்லாருக்கும் மொதல்ல மோர்ச் சோறுதான் போடும், ஜெயா. வயிறு ரொம்பிடும் இல்ல? பெரியவங்களுக்குக் கொழம்பு மிஞ்சும். நாங்கல்லாம் அந்தப் பழக்கத்த விட்டுட்டோம். இவரு மட்டும்..."

அம்மா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதனால்தான் ஜெயப்ரியா நிமிர்ந்தாள்.

அவள் காதில் வேறொரு குரல் கேட்டது. பல தடவை போட்டுக் கேட்டு, எழுதி, கருத்தரங்குகளில் படித்துக் காட்டிய குரல். ராஜம்மாளின் குரல்.

'ஊரு ஒலகத்துல எல்லாரும் கொழம்புல ஆரம்பிச்சி மோருல முடிப்பாங்க. இவரு மோருல ஆரம்பிச்சி, ரசத்துக்கு வந்து, கொழம்புல முடிப்பாரு. தோழருங்கல்லாம் தலைகீழ் மாறன்னுதான் கூப்புடுவாங்க. சோறு வடிக்கும்போதே அவருக்கு மோர தனியா எடுத்து வச்சிடுவேன்.'

மாமா ஆரணியை விட்டுப் போனது எந்த வருடம்? அவள் பிறந்த வருடம். மாறன் செத்தது? அதே வருடம்.

யாரு எப்படி சாப்ட்டான்றது எல்லாம் நாலு பேரு பேசணுமா என்று காலையில் அப்பா கேட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஜெயப்ரியா எச்சில் கையோடு மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தச் சொல்லட்டுமா, தோழர் மாறன்?"

மாமா சிரித்தார். பழைய பெயரைச் சொல்லி யாரோ தெருவில் கூப்பிட்டால் தன்னையறியாமல் வருகிற சிரிப்பு. பிறகுதான் அவருக்குப் புரிந்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் நிற்க, ஜெகநாதனைப் பார்த்தார்.

அம்மா சாய்த்த கரண்டியை நிமிர்த்த மறந்து நின்றாள். ரசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது.

*

"போலீஸ் ரெண்டு பேரைச் சுட்டது நெஜம்" என்றார் ஜெகநாதன். கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அதுல மாறன் இல்ல. முந்தின நாளே நான் அவனை வெளிய கொண்ட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

"உங்க தாத்தா வந்தாரு. 'என் புள்ளைய நீதான் இயக்கம்னு இழுத்துகினு போன. அவனத் திருப்பிக் குடு. இல்லன்னா என் பொண்ண நான் கூட்டிகினு போயிடறேன்'னாரு. உங்கம்மா முழுகாம இருந்தா. நீதான் வயித்துல."

"ராஜம்மாக்காவும் முழுகாமதான் இருந்தாங்க."

"அவளையும் சேத்துக் கூட்டிகினு வந்தா வீட்டுக்குத் தீ வச்சிட்டு நானும் அதுல விழுந்துடுவேன்னாரு எங்கப்பா" என்றாள் கற்பகம். "காலனிப் பொண்ணு. அந்தக் காலத்துல..."

"அம்மா, சாதி இல்லைன்னு சொல்லித்தானே அந்தக் கொட்டகையில கல்யாணம் பண்ணாங்க? அந்தக் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கினது யாரு? உன் புருஷன்தானே?"

ஜெகநாதன் குரல் உயர்ந்தது. "விட்டுட்டு ஓடிட்டான்னு அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? செத்துட்டான்னு சொன்னா அவளுக்கு ஒரு மரியாதையாவது இருக்கும்னு நெனச்சேன். இருந்துச்சா இல்லையா? காலனியில கொடிக்கம்பம் நட்டு, வருசா வருசம் நான் போயி மாலை போட்டுகினுதான் வரேன். ஒரு வருசம் தவறினது இல்ல."

"உயிரோட இருக்கிறவருக்கு!"

"செத்துட்டான்னு சொன்னவன் காரியத்தையும் செஞ்சிதானே ஆவணும்" என்றார் அவர்.

கமலக்கண்ணன் எழுந்து நின்றார். "மச்சான், எங்கிட்ட நீ இன்னா சொன்ன? அவ வேற கல்யாணம் பண்ணிகினு போயிட்டான்னு சொன்ன. புள்ளையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல." அவர் ஜெயப்ரியாவிடம் திரும்பினார். "புள்ள இருக்குதா?"

"ஜீவானந்தம். என் வயசுதான். பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு ஒரு பொண்ணு, இனியா."

பிள்ளையே இல்லாமல் வயதான மனிதர் அந்தப் பெயர்களைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவளுக்கு இரக்கம் வந்தது. ஆனாலும் விடவில்லை.

"ஒரு தடவை வந்து விசாரிச்சிருக்கலாமே மாமா? தர்மாவரம் என்ன சீமையா?"

"விசாரிச்சா போவ வேண்டி வருமேன்னு பயம்மா" என்றார் அவர்.

ஜெயப்ரியா அம்மாவைப் பார்த்தாள். "உனக்கு எல்லாம் தெரியும். நான் ராஜம்மாக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்து ஒவ்வொரு தடவையும் உங்கிட்டதான் வந்து கதை கதையாச் சொன்னேன். நீ கேட்டுகிட்டே காய் நறுக்கிட்டு இருந்த."

"அவரு எங்கண்ணன்டி" என்றாள் கற்பகம். அவளிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

ஆய்வுப் படிப்பில் ஜெயப்ரியா எடுத்த முதல் நேர்காணல் அப்பாவுடையது. மாறன் செத்ததைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்து அழுதிருந்தார். அந்த அழுகையையும் அதற்குப் பிறகு வருகிற நீண்ட அமைதியையும் அவள் வருடந்தோறும் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவாள். 'சொல்ல முடியாத துக்கத்தை இப்படித்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும்' என்பாள். ஆங்கிலப் புத்தகத்தில் மாறன் இறந்ததற்கு ஆதாரம் என்று அவள் அடிக்குறிப்பில் கொடுத்திருந்தது அந்த ஒரு நேர்காணலைத்தான். ஊரெல்லாம் போய் யார் யாரையோ குறுக்குக் கேள்வி கேட்டவள், தன் வீட்டில் கேட்டதை மட்டும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

"டேப்ல அழுதீங்களே அப்பா. அது?"

"அது நெஜமாத்தான் அழுதேன்."

"எதுக்கு?"

அவர் வேறு பேச்சு பேசினார். மச்சான் வீட்டிலேயே இருக்கட்டும், விழாவுக்கு வர வேண்டாம். மேடையில் மாறன் பேச்சை எடுக்க மாட்டார். விழா முடிந்ததும் ராஜம்மாளைத் தனியாக உட்கார வைத்துத் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அதுவரைக்கும் ஜெயப்ரியா பொறுமையாக இருக்க வேண்டும்.

"உன் மேல சத்தியம்" என்றார்.

ஜெயப்ரியா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சத்தியத்தைப் பாதி நம்பினாள். பிறந்ததிலிருந்து நம்பியே பழகியவள்.

*

மண்டபத்தில் பாதி நாற்காலிகள் நிறைந்திருந்தன. ராஜம்மாள் நீலச் சேலையில், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். கணவனை இழந்தவள் பூ வைக்கக் கூடாது என்பதெல்லாம் இயக்கத்தில் கிடையாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் ஜெகநாதன்தான். கூடவே ஜீவானந்தம். உயரமாக, ஒல்லியாக. இத்தனை முறை பார்த்தும் அந்த உயரம் யாருடையது என்று ஜெயப்ரியாவுக்குத் தோன்றியதே இல்லை.

"புக்கு குடு பாப்பா" என்றாள் ராஜம்மாள். "நான் எந்தப் பக்கத்துல இருக்கறேன்? ஜீவா போட்டோ எடுத்து இனியாவுக்கு அனுப்பணும்னு போனைக் கையிலயே வச்சிகினு இருக்கான்."

ஜெயப்ரியா வாயெடுத்தாள். அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தாள். வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்த மாமா வந்திருந்தார். தூணை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ராஜம்மாளைப் பார்க்கவில்லை. ஜீவானந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடியும் வரை என்ன, இனி ஒரு நிமிடம்கூட இதைத் தள்ளிப்போட முடியாது என்று அவளுக்குப் பட்டது.

"என்கூட வாங்கக்கா."

மேடைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கூடம் காலியாக இருந்தது. மேசைகள் மேல் காகிதம் விரித்திருந்தார்கள். ராஜம்மாளை உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்து, ஜெயப்ரியா எல்லாவற்றையும் சொன்னாள். அத்தியாயம் போனதை, மோர்ச் சோற்றை, தாத்தாவை, தர்மாவரத்தை. எதையும் பூசி மெழுகவில்லை.

ராஜம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "நல்லா இருக்காரா?" என்றாள்.

"இருக்காரு. மண்டபத்துலதான் இருக்காரு."

ராஜம்மாள் தலையசைத்தாள். பிறகு, "உங்கப்பாருக்கு மொதல்லேந்தே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

அதுவரை அசையாத முகம் அந்த வார்த்தைக்குத்தான் உடைந்தது.

"அண்ணன்னு கூப்ட்டுகினு இருந்தனே" என்றாள். "வருசா வருசம் மாலை எடுத்துகினு வருவாரே. நான் காபி வச்சிக் குடுப்பேன். கொடிக்கம்பத்துக்கிட்ட நின்னு, கண்ணத் தொடச்சிகினு போவாரே."

ஜெயப்ரியா அவள் கையைப் பிடித்தாள். அவள் அதை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

"சடையன்னு ஒருத்தரு இருந்தாரும்மா. உங்கிட்ட அத்தச் சொன்னதில்ல. டிராக்டர் ஓட்டிகினு இருந்தாரு. ஜீவாவ தோள்ல தூக்கி வச்சிகினு திருவிழாவுக்குக் கூட்டிப் போவாரு. கட்டிக்கிறேன்னு வந்து கேட்டாரு. எங்கம்மாவும் சரின்னுச்சி. எனக்கும்..." அவள் நிறுத்தினாள். "எனக்கும் புடிச்சிதான் இருந்திச்சி. நான் உங்கப்பாரைத்தான் கேட்டேன். 'உன் இஷ்டம்மா. ஆனா நீ தியாகியோட மனைவி, ஊரே பாத்துகினு இருக்குது'ன்னாரு. நான் வேணாம்னுட்டேன். சடையன் ஊரை விட்டே போயிட்டாரு."

வெளியே ஒலிபெருக்கியில் யாரோ வரவேற்புரை சொல்லத் தொடங்கினார்கள்.

"செத்தவருக்காக இருந்தேன்னா பரவால்ல" என்றாள் ராஜம்மாள். "நான் யாருக்காக இருந்தேன்?"

ஜெயப்ரியாவுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தது. கேட்டாள். "அவரு சொன்னதத்தான் நானும் எழுதினேன்" என்றாள்.

"தெரியுது."

"அக்கா..."

அந்தச் சொல் அவள் வாயிலேயே தடுக்கியது. மாமாவின் மனைவி. முறைப்படி அத்தை. எத்தனையோ தடவை அந்த வீட்டில் சாப்பிட்டும், அவளை அப்படி ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிடத் தனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

ராஜம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ஜீவாவக் கூப்புடு."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம். உங்க வீட்டு ஆளுங்க சொன்னதக் கேட்டதெல்லாம் போதும். என் புள்ளைக்கு நானே சொல்லிக்கிறேன்."

ஜீவானந்தம் சிரித்துக்கொண்டே வந்தான். "இன்னா மேடம், எங்கம்மாவ மேடையில பேசச் சொல்லி பயிற்சி குடுக்கறீங்களா?" என்றான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. உள்ளே போனான். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஜெயப்ரியா வெளியே நின்றாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மேடைக்குப் பின்னால் அவள் பெயரைச் சொல்லி யாரோ தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் நகரவில்லை. அப்பா இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்தாள். விழா முடிவதற்காகக் காத்திருப்பார். எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருப்பார். எவ்வளவு கோபம் இருந்தும் அந்த நினைப்பில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. கடைசியிலாவது அவர் உண்மையைச் சொல்லத் துணிந்தாரே.

ஒலிபெருக்கியில் கைதட்டல் கேட்டது. தொண்டையைச் செருமும் சத்தம். அப்பாவின் குரல்.

"தோழர்களே. என் மகள் எழுதின இந்தப் புத்தகத்தைக் கையில வாங்கும்போது ஒருத்தன் ஞாபகம்தான் வருது. இங்க வந்திருக்கிற ராஜம்மாள் தங்கச்சிக்குத் தெரியும் நான் யாரைச் சொல்றேன்னு." குரல் உடைந்தது. எங்கே உடையும் என்று ஜெயப்ரியாவுக்குத் தெரிந்த அதே இடத்தில், டேப்பில் உடைந்த அதே இடத்தில் உடைந்தது. "தோழர் மாறன். அவன் என் மடியிலதான் கடைசி மூச்சை விட்டான்."

அதன் பிறகு அதே நீண்ட அமைதி. பிறகு மண்டபமே கை தட்டியது.

ஜெயப்ரியா சுவரில் சாய்ந்தாள். காலையில் அத்தியாயம் போனபோதுகூட அவளுக்கு அழுகை வரவில்லை. மதியம் மாமாவைக் கண்டுபிடித்தபோதும் வரவில்லை. இப்போது வந்தது.

பின்னால் கதவு திறந்தது. ஜீவானந்தம் நின்றான். அந்தப் பேச்சை அவனும் கேட்டிருந்தான். அவன் கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் வகுப்பில் பேசுகிற வாத்தியாரின் குரலைப் போல் தணிந்து, தெளிவாக இருந்தது.

"எங்கப்பா எந்த வரிசையில ஒக்காந்துகினு இருக்காரு?" என்றான்.